மூன்று வாரம் கழித்து வரும் முடக்கம்

விஷம் என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் மனத்தில் எழுவது உடனடி மரணமே. உண்டான், துடித்தான், மாண்டான் என்பதே கதைகளிலும் உலக வழக்கிலும் விஷத்தின் இலக்கணமாக இருந்து வருகிறது. ஆதலால் விஷம் உட்சென்ற ஒருவன் இரண்டு நாள் உயிரோடிருந்துவிட்டால், அவன் பிழைத்துவிட்டான் என்று உற்றார் மகிழ்வதும், மருத்துவமனை அவனை வீட்டுக்கு அனுப்புவதும், களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் அவனைப் பற்றிய பக்கத்தை மூடிவிடுவதும் இயல்பாகிவிட்டன. இந்த இயல்பு முற்றிலும் சரியன்று. உயிரை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னர் வந்து கால்களைப் பறித்துக்கொள்ளும் விஷங்களும் உண்டு. அவை நரம்புச் செல்லுக்குள் என்ன செய்கின்றன என்பது ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிட வேண்டிய செய்தியன்று. கிராமத்தில் பணிபுரிவோரும் பள்ளியில் கற்பிப்போரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

1988ஆம் ஆண்டில், அந்நாளில் கல்கத்தா என வழங்கிய கொல்கத்தா நகரின் பேஹாலா பகுதியில் நூற்றுக்கணக்கானோர் கால் முடங்கினர். தொற்றுநோய் எதுவும் அவர்களைத் தாக்கவில்லை. அவர்கள் சமையலுக்கு வாங்கிய கடுகின எண்ணெயில் டிரைகிரெஸில் பாஸ்பேட் என்னும் இரசாயனப் பொருள் கலந்திருந்தது. இயந்திர மசகெண்ணெயிலும், பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும், தீப்பற்றாமல் காப்பதற்கும் பயன்படும் பொருள் அது. அதில் ஆர்த்தோ வகையே பெருந்தீங்கு விளைவிப்பது. ஏறக்குறைய நிறமற்றது; மணமும் இல்லையென்றே கூறலாம்; எண்ணெயோடு எளிதில் கலந்துவிடும். நாவாலும் மூக்காலும் அதை அறிந்துகொள்ள எந்த இல்லத்தரசியாலும் இயலாது.

இது முதல் நிகழ்ச்சியன்று. 1930இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், மதுவுக்கு மாற்றாகப் பலர் அருந்திய ஜமைக்கா இஞ்சிச் சாற்றில் இதே பொருள் கலக்கப்பட்டது. சாற்றில் இவ்வளவு திடப்பொருள் இருக்க வேண்டும் என்ற அரசாங்க விதியை ஏய்ப்பதற்காக, தீங்கற்றது என்று கருதியே அதைக் கலந்தனர். பல்லாயிரம் பேர் நடை இழந்தனர். அவ்வாண்டிலேயே அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த மாரிஸ் ஸ்மித்தும் எலியாஸ் எல்வோவும் குற்றவாளிப் பொருளை இனங்கண்டனர். அவ்வாறு கண்டறிந்து உலகுக்கு அறிவித்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1959இல், மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 10,000 பேர் முடங்கினர். விமானத்தளத்திலிருந்து மிஞ்சிய பொருளாக விற்கப்பட்ட ஜெட் இயந்திர எண்ணெயைச் சமையலெண்ணெயோடு கலந்து விற்றதே காரணம். மேலும் இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பேஹாலா. ஒருமுறை கண்டறிந்த உண்மை தானாகவே மக்களைக் காத்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த விஷம் ஏன் காத்திருந்து தாக்குகிறது? விடை காண, நரம்புச் செல்லின் அமைப்பை நோக்க வேண்டும். முதுகுத்தண்டில் இருக்கும் ஒரு நரம்புச் செல்லின் உடல், ஊசிமுனையினும் சிறியது. ஆயினும் அதிலிருந்து புறப்படும் இழை பாதத்துத் தசை வரை, வளர்ந்த மனிதரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் செல்கிறது. இத்துணை மெல்லிய, இத்துணை நீண்ட இழை அறுந்துபோகாமல் நிற்பதற்கு உள்ளே ஒரு சட்டம் உண்டு. டியூபுலின் என்னும் புரதத்தால் ஆன நுண்குழல்கள் தண்டவாளங்களைப் போல நீள நெடுக ஓடுகின்றன. அவற்றின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். அவற்றின் இடையே சுமார் 10 நானோமீட்டர் பருமனுள்ள நரம்பு நுண்ணிழைகள் நிறைந்து, இழைக்கு உறுதியையும் பருமனையும் தருகின்றன. டாவ் என்னும் மற்றொரு புரதம் நுண்குழலோடு ஒட்டிக்கொண்டு, தண்டவாளத்தைக் கட்டைகளோடு இறுக்கும் ஆணிகளைப் போல, அது குலையாமல் காக்கிறது. 1975இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னரின் ஆராய்ச்சிக் குழுவினர் இப்புரதத்தைக் கண்டறிந்தனர்.

இச்சட்டம் கட்டடத்தின் இரும்புச் சட்டத்தைப் போல அசையாதிருப்பதன்று. இதன் உறுப்புகள் பெரும்பாலும் செல்லின் உடலில் உற்பத்தியாகிப் பாதம் வரை பயணம் செய்கின்றன. நரம்பு நுண்ணிழைப் புரதங்கள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்வதில்லை. பல வேளைகளில் அதில் ஐந்திலொரு பங்கே நகரும். ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகளேனும் ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், இப்போக்குவரத்தில் நேரும் தடை எவ்வளவு பெரிய கேடு என்பது விளங்கும். பாதை நீள நீள இடர் மிகுதி. எனவேதான் கேடு முதலில் தோன்றும் இடம் நீண்ட இழைகளின் கடைக்கோடி, அதாவது பாதம்.

எப்பொழுது இறுக வேண்டும், எப்பொழுது தளர வேண்டும் என்று இச்சட்டத்துக்குக் கட்டளையிடுபவை கைனேஸ் எனப்படும் என்ஸைம்களாகும். செல்லின் சக்திக் கருவூலமாகிய ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஏற்றுவதே இவற்றின் தொழில். பாஸ்பேட் ஏறியதும் அவ்விடத்தில் எதிர் மின்னூட்டம் கூடுகிறது. புரதத்தின் உருவமும் ஒட்டும் தன்மையும் மாறுகின்றன. ஏற்றிய பாஸ்பேட்டை இறக்குவதற்குப் பாஸ்பட்டேஸ் என்னும் வேறு என்ஸைம்கள் உள்ளன. எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950களில் தசையில் ஆராய்ந்து வெளியிட்ட இந்த ஏற்ற இறக்கத் தத்துவத்துக்கு 1992இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனித உடலில் இத்தகைய கைனேஸ்கள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை உள்ளன என்பது பின்னர்த் தெரியவந்தது.

ஆசிரியர்கள் இங்கு ஒரு தவறான எண்ணத்தைத் தொடக்கத்திலேயே களைவது நன்று. பாஸ்பேட் ஏற்றம் என்பது நோயன்று. நலமான செல்லின் நாள்தோறும் நிகழும் செயலே ஆகும். நரம்பு நுண்ணிழைகளின் புறத்தே நீட்டிக்கொண்டிருக்கும் வால் போன்ற பகுதிகளில், நீண்ட இழையினுள் சென்ற பிறகு, பாஸ்பேட்டுகள் மிகுதியாக ஏறுகின்றன. அவை ஒன்றையொன்று விலக்கி இடைவெளியைக் காப்பதாலேயே இழை பருத்து, செய்தியை விரைந்து கடத்தும் ஆற்றல் பெறுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தீங்கு நேர்வது ஏற்றத்தாலன்று; இடமும் அளவும் தப்புவதால்தான். செல்லின் உடலிலேயே ஏற வேண்டாத பாஸ்பேட் ஏறிவிட்டால், நுண்ணிழைகள் புறப்பட்ட இடத்திலேயே குவிந்து கிடக்க நேரிடும். டாவில் அளவு மீறி ஏறிவிட்டால், ஆணி கழன்ற தண்டவாளத்தைப் போல நுண்குழல்கள் குலையத் தொடங்கும். அல்ஸைமர் நோயுற்றோரின் மூளையில் காணப்படும் முடிச்சுகள், இவ்வாறு அளவு மீறிப் பாஸ்பேட் ஏறிய டாவ் புரதத்தால் ஆனவை என்பது 1980களின் நடுப்பகுதியில் தெளிவாயிற்று.

மேற்கூறிய கைனேஸ்களுள் ஒன்று கால்சியத்துக்குக் கட்டுப்பட்டது. செல்லினுள் கால்சியம் உயரும்போது, கால்மாடுலின் என்னும் சிறு புரதம் அதைப் பற்றிக்கொண்டு இந்த என்ஸைமைத் தட்டி எழுப்புகிறது. இதன் இயல்பில் வியப்பான ஒன்று உண்டு. எழுந்த என்ஸைம் தன் மீதே ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு கால்சியம் தணிந்தாலும் சிறிது காலம் அது உறங்காது. நினைவாற்றலுக்கு இவ்வியல்பு உதவுகிறது என்பர். ஆனால் அணைக்க முடியாத அடுப்பைப் போல அது எரிந்துகொண்டேயிருந்தால் விளைவு வேறாகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முகம்மது அபு-டோனியாவும் அவருடன் பணியாற்றியோரும் 1980கள் முதல் கோழிகளுக்கு ஆர்த்தோ வகை டிரைகிரெஸில் பாஸ்பேட்டைக் கொடுத்து ஆராய்ந்தனர். நடை தளர்ந்த கோழிகளின் நரம்பு மண்டலத்தில் இந்தக் கால்சியக் கைனேஸின் செயல் மிகுந்திருப்பதையும், டியூபுலின், டாவ், நரம்பு நுண்ணிழைப் புரதங்கள் ஆகியவற்றில் பாஸ்பேட் மிகையாக ஏறியிருப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். சட்டம் குலைந்து, போக்குவரத்துத் தடைப்பட்டு, இழை கடைக்கோடியிலிருந்து சிதைந்து வருவதற்கு இதுவே வழி என்பது அவர்கள் முடிபு.

இம்முடிபை எல்லோரும் முழுமையாக ஏற்றனர் என்று கூறுவது நேர்மையாகாது. பிரிட்டனில் எம். கே. ஜான்சன் 1969இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நரம்பிலுள்ள ஒருவகை எஸ்டரேஸ் என்ஸைமையே இவ்விஷம் முதலில் தாக்குகிறது எனக் காட்டியது. அந்த என்ஸைமின் பெரும்பகுதி, சுமார் நூற்றில் எழுபது பங்குக்கு மேல், மீள முடியாதவாறு முடக்கப்பட்டால்தான் கோழிக்கு நடை தளர்கிறது. அந்த என்ஸைமுக்குரிய மரபணுவில் பிறவியிலேயே பழுதுள்ளவர்களுக்குக் கால்கள் விறைத்துத் தளரும் நோய் வருகிறது என்று 2008இல் அறியப்பட்டது, இக்கருத்துக்கு வலுவூட்டியது. முதல் அடி எஸ்டரேஸின் மீதா, கைனேஸின் மீதா, இரண்டுக்கும் இடையே தொடர்பு யாது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. எந்தக் கட்சி வென்றாலும், சட்டம் குலைந்து இழை சிதைவதற்குக் காலம் பிடிக்கும் என்பதில் வேறுபாடில்லை. விஷம் உட்சென்றதற்கும் கால் தளர்வதற்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் அமைதியாகக் கழிகின்றன. களப்பணியாளருக்கு வேண்டிய உண்மை அந்த அமைதியே. விஞ்ஞானிகள் வழக்காடி முடிக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த அமைதி ஏமாற்றுவது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கோதுமை மாவில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்தது, 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. உடனே கொல்லும் விஷம் சட்டத்தையும் உடனே எழுப்புகிறது. மெல்ல முடக்கும் விஷத்துக்கு அந்த வலிமையில்லை. உண்ட உணவும் ஊற்றிய எண்ணெயும் மறந்துபோன பின்னரே கால் தளர்கிறது. அதை வாதம் என்றும், பக்கவாதம் என்றும், தெய்வக் குற்றம் என்றும் வீட்டார் கருதிவிடுகின்றனர். தனித்தனியாக வெவ்வேறு மருத்துவரிடம் செல்லும் பத்துப் பேரை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் கண் யாருக்கும் இராது.

இக்குறையைப் போக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பழக்கங்கள் சில மாறினால் போதும். முதலாவதாக, பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிமருந்தை உண்டோ, மிகுதியாக உடலில் படிந்தோ நோயுற்றுப் பிழைத்தவர்களைக் களப்பணியாளர் நான்கு வாரம் வரை வாரம் ஒருமுறையேனும் சென்று காண வேண்டும். இம்மருந்துகள் எல்லாம் பின்முடக்கத்தை உண்டாக்குவனவல்ல. சிலவே உண்டாக்கும், அவையும் பெரும்பாலும் மிகு அளவில் உட்சென்றால்தான். ஆயினும் எது என்று அறியாத நிலையில் நான்கு முறை நடந்து செல்வது வீண் உழைப்பாகாது. கெண்டைக்காலில் வலி, பாதத்தில் மதமதப்பு, செருப்பு காலில் நிற்காமல் நழுவுதல், நடக்கையில் முன்பாதம் தொங்குவதால் முழங்காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை அடையாளங்கள். குதிகாலை மட்டும் ஊன்றி நான்கடி நடக்கச் சொன்னால், முன்பாதத்தைத் தூக்க வலுவில்லாதவர் இயலாமல் நிற்பார். இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவதாக, வயது வந்தோரின் கால் தளர்ச்சியையும் எண்ணிக் கணக்கிட வேண்டும். இளம்பிள்ளைவாதத்தை ஒழிப்பதற்காக, திடீரெனக் கை கால் தளர்ந்த குழந்தைகளைத் தேடிக் கண்டு அறிவிக்கும் ஓர் ஒழுங்கான அமைப்பு இந்தியாவில் உருவாயிற்று. அதன் பயனாகத் தென்கிழக்காசிய வட்டாரம் முழுவதும் இந்நோயினின்று விடுபட்டது என 2014 மார்ச் 27 அன்று சான்றளிக்கப்பட்டது. ஆனால் அவ்வமைப்பு தேடியது பெரும்பாலும் பதினைந்து வயதுக்குட்பட்டோரையே. எண்ணெய் விஷமோ வயது பார்ப்பதில்லை. கோழியில் நடந்த சோதனைகளில் குஞ்சுகள் தப்ப, வளர்ந்தவையே முடங்கின. குழந்தைக்காகக் கற்ற விழிப்பைப் பெரியவர்களுக்கும் சிறிது நீட்டினால், ஒரே தெருவில் ஒரே மாதத்தில் மூவர் கால் தளர்ந்ததை உடனே அறியலாம். அவர்கள் ஒரே கடையில் எண்ணெய் வாங்கினரா என்று கேட்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். அந்த ஒரு நிமிடம் நூறு பேரின் கால்களைக் காக்கக்கூடும்.

மூன்றாவதாக, பாத்திரங்களின் மீது கண் வேண்டும். இயந்திர எண்ணெயோ இரசாயனப் பொருளோ இருந்த பீப்பாயும் தகர டின்னும் எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு உதவா. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள், சமையலெண்ணெயை அடைத்து முத்திரையிட்டே விற்க வேண்டும் என்கின்றன. மாநிலங்கள் விலக்களிக்கவும் இடமுண்டு. விலக்குள்ள இடத்தில் விழிப்பு இருமடங்காக வேண்டும். அதுபோலவே 2018இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி டிரைகுளோர்ஃபானும் டைக்குளோர்வாஸும் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு தடைசெய்யப்பட்டன. தடை கடையின் வாயிலில் நிற்கிறது. பழைய புட்டி வீட்டின் பரணில் நிற்கிறது. பரணைப் பார்க்கும் உரிமையும் நட்பும் களப்பணியாளருக்கே உண்டு.

ஆசிரியர்களின் பங்கு இதனினும் நுட்பமானது. பாஸ்பேட் விஷம் என்று கேட்ட மாணவன், வயலில் இடும் சூப்பர் பாஸ்பேட்டும் விஷமா என்று வினவுவான். உரத்திலுள்ள பாஸ்பேட்டும், ஏ.டி.பி.யிலுள்ள பாஸ்பேட்டும், எலும்பிலுள்ள பாஸ்பேட்டும் உயிருக்கு உறுதுணை என்பதையும், கரிமப் பொருளோடு குறிப்பிட்ட முறையில் இணைந்து, என்ஸைமின் மர்மத் தலத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும் சேர்க்கைகளே தீயவை என்பதையும் அவனுக்கு விளக்க வேண்டும். கைனேஸ் இறக்கத்தக்க பாஸ்பேட்டை ஏற்றுகிறது. விஷம் இறக்க முடியாததை ஒட்டிவைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்த மாணவன், இரசாயனம் என்றாலே அஞ்சும் பேதைமைக்கும், இரசாயனம் எதையும் நம்பும் பேதைமைக்கும் ஆளாகமாட்டான்.

கோழியின் கதையையும் வகுப்பில் கூறலாம். இவ்விஷத்தை எலிக்குக் கொடுத்தால் அது எளிதில் முடங்குவதில்லை; மனிதரைப் போல முடங்குவது கோழியே. அதனால்தான் பாஸ்பரஸ் சார்ந்த மருந்துகளைக் கோழிக்குக் கொடுத்து 21 நாள் காத்திருந்து பார்க்கும் சோதனை உலகெங்கும் வழக்கில் வந்தது. எலியோடு நின்றிருந்தால், ஒன்றும் நேரவில்லை என்று எழுதியிருப்பர். இரண்டு நாளோடு நின்றிருந்தாலும் அவ்வாறே எழுதியிருப்பர். தீங்கு காணவில்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல என்னும் பாடத்தை இதனினும் எளிதாகக் கற்பிக்க முடியாது.

களப்பணியாளருக்குப் பணிச்சுமை ஏற்கெனவே மிகுதி, அரிதாக நிகழும் ஒன்றுக்காக மேலும் சுமத்துவது தகுமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆயினும் முடங்கிய நரம்புக்கு மாற்று மருந்து இல்லை என்பதை எண்ண வேண்டும். உடனடி விஷத்துக்கு உதவும் அட்ரோப்பின் இம்முடக்கத்தைத் தடுப்பதில்லை. புற நரம்புகள் மாதக்கணக்கில் ஓரளவு மீள வளரலாம். முதுகுத்தண்டின் நெடும்பாதைகள் மீள்வதில்லை. தளர்ந்த கால் பின்னர் விறைத்த காலாகி வாழ்நாள் முழுவதும் உடன்வருகிறது. குணப்படுத்த முடியாத கேட்டுக்கு முன்னறிவு ஒன்றே மருந்து. முதலில் முடங்கியவரை மீட்க முடியாவிட்டாலும், அவரைக் கண்டவுடன் எண்ணெயை நிறுத்தினால் அடுத்தவரை மீட்கலாம்.

விஷமுண்டு பிழைத்தவனின் பெயருக்கு எதிரே 'குணமடைந்தார்' என்று எழுதும் முன், நான்காம் வாரம் கழிந்ததா, அவன் குதிகாலால் நடந்தானா என்னும் இரண்டையும் குறிப்பேட்டில் சேர்த்து எழுதும் வழக்கம் ஒவ்வொரு நிலையத்திலும் ஏற்பட வேண்டும். நரம்பின் சட்டம் காலந்தாழ்த்தியே குலைகிறது. கணக்கையும் காலந்தாழ்த்தியே முடிக்க வேண்டும்.